ஆர்ட் தெரபிஸ்ட் என்று போர்டு வைக்கலாமா?

போன மாதம் இந்தப் பகுதியில் ஓவிய சிகிச்சை, அதாவது வரைவதன் வழியாக மனக் கஷ்டத்துக்கு உதவுகிற ஆர்ட் தெரபி பற்றிய ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. எந்தச் சான்றிதழ் செல்லும், அதை எப்படி வாங்குவது, வாங்கியதை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் ஆர்ட் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன், அமெரிக்காவில் படித்தேன், என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள்.

கேள்வி: அல்சூரில் இருக்கிறேன். பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) முடித்து 8 வருஷமாக வீட்டில் குழந்தைகளுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கிறேன். சமீபத்தில் 18,000 ரூபாய் கட்டி 6 வார ஆன்லைன் கோர்ஸ் ஒன்று படித்தேன். சான்றிதழில் ‘சர்டிஃபைடு ஆர்ட் தெரபிஸ்ட்’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அபார்ட்மென்டில் நிறைய அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். வாசலில் போர்டு வைக்கலாமா?

வைக்காதீர்கள். இதைப் படித்ததும் உங்களுக்கு மனசு கஷ்டப்படும் என்று தெரியும், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் 8 வருஷ அனுபவம் லேசானது இல்லை. ஒரு குழந்தையைப் பேப்பருக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அது உங்களுக்குக் கைவந்திருக்கிறது. ஆனால் டிராயிங் கிளாஸில் படம் நன்றாக வரவேண்டும் என்பதுதான் நோக்கம். தெரபியில் படம் எப்படி வந்தாலும் சரி, வரைகிற ஆள்தான் முக்கியம். அந்த ஆள் பாதிப் படத்தில் நிறுத்தி அழ ஆரம்பித்தால், அடுத்த 40 நிமிஷம் அந்த அறையில் நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன செய்யாமல் இருப்பீர்கள் என்பதைத்தான் படிப்பு சொல்லிக்கொடுக்கிறது. அதற்கு 6 வாரம் போதாது.

நான் மாணவியாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 8 வயசுப் பையன் ஒருவன் வாரா வாரம் வந்து கறுப்பு கிரேயானை எடுத்து, பேப்பர் கிழிகிற அளவுக்குத் தேய்ப்பான். வீடு கறுப்பு, மரம் கறுப்பு, அம்மா கறுப்பு. நான் குறிப்பேட்டில் ‘துக்கம், அடக்கிவைத்த கோபம்’ என்றெல்லாம் எழுதிக்கொண்டு போய் என் சூப்பர்வைஸர், அதாவது என் வேலையைக் கேட்டு வழிகாட்டுகிற மூத்தவர் முன்னால் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பெட்டியில் வேறு எந்தக் கலர் முழுசாக இருந்தது?” எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால், மற்றதெல்லாம் நகத்தளவுத் துண்டுகள், கறுப்பு மட்டும் முழு நீளம். புதுப் பெட்டி வைத்தேன். அவன் பச்சையை எடுத்தான். அதற்காக அவனுக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை, கஷ்டம் இருந்தது, ஆனால் அது இருந்த இடம் வேறு, அதைக் கண்டுபிடிக்க இன்னும் 3 மாதம் ஆனது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இல்லாமல் போயிருந்தால், நான் எழுதியதை அவன் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். அந்த அம்மா அதை நம்பியிருப்பார்.

இனி சட்டம். நம் நாட்டில் 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரெல்லாம் மனநல நிபுணர் என்று வரையறுக்கிறது. மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல செவிலியர், மனநல சமூகப் பணியாளர் என்று போகிற அந்த வரிசையில் ஆர்ட் தெரபிஸ்ட் இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவ மற்றும் நலத்துறைப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் ‘மூவ்மென்ட் தெரபிஸ்ட்’ என்ற தலைப்புக்குள் கலை, நடனம் இரண்டும் வருகின்றன. எங்கள் துறைக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் அட்டவணையில் பெயர் இருப்பது வேறு, மாநில கவுன்சில் உங்கள் படிப்பைப் பார்த்து உங்களுக்கு ஒரு பதிவு எண் கொடுப்பது வேறு. அந்தச் சட்டம் நலத்துறை நிபுணர் என்று சொல்வதற்கே குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு கேட்கிறது. உங்கள் 6 வாரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போர்டு வைத்தால் நாளைக்கே யாராவது வந்து கழற்றச் சொல்வார்களா? மாட்டார்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ‘தெரபி’ என்று எழுதிய கதவுக்குள் வருகிற குழந்தை, டிராயிங் மிஸ்ஸிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லும். ஒரு குழந்தை தன்மேல் பாலியல் வன்முறை நடந்ததாகச் சொன்னால், 2012-இன் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவிக்காமல் விட்டால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். அதே சமயம் படத்தில் இன்னது இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் மேல் பழி சொல்லவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கத்தான் பயிற்சி. உங்கள் கோர்ஸில் இதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினார்கள்?

போர்டில் ‘குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பு’ என்றே எழுதுங்கள். மனசு லேசாகிற மாதிரி, மார்க் போடாமல், போட்டி இல்லாமல் வரைகிற வகுப்பு என்று கீழே ஒரு வரி சேர்க்கலாம், அது உண்மை, அதை நீங்கள் நன்றாகவே செய்வீர்கள். அப்புறம் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று நிஜமாகவே ஆசை இருந்தால் மனோதத்துவத்தில் ஒரு முதுகலையோடு தொடங்குங்கள். உங்கள் பி.எஃப்.ஏ. வீண்போகாது. வெளிநாட்டுப் படிப்புகளில் கலைப் படிப்பையும் கேட்பார்கள்.

கேள்வி: இந்தத் துறையை ஆரம்பித்தவர்களிடம் என்ன சான்றிதழ் இருந்தது? ஓவியர்கள்தானே? பேப்பர் இல்லாதவரை விரட்டுவது நியாயமா? — ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், மல்லேஸ்வரம்

நல்ல கேள்வி ஐயா. நீங்கள் சொல்வது சரிதான், ஆரம்பித்தவர்கள் ஓவியர்கள்தான். ஆர்ட் தெரபி என்ற சொல்லை 1942-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஏட்ரியன் ஹில் ஓர் ஓவியர், காசநோய் சானடோரியத்தில் படுத்திருந்தபோது தான் வரைந்து பார்த்து, பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரைய வைத்தவர். எட்வர்ட் ஆடம்சன் என்ற இன்னொரு ஓவியரை 1946-இல் இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் வேலைக்கு எடுத்தார்கள். அவரிடமும் தெரபி பட்டம் எதுவும் இல்லை.

ஆனால் ஆடம்சன் வேலை பார்த்தது ஒரு மருத்துவமனைக்குள், சுற்றிலும் மனநல மருத்துவர்கள். ஒரு நோயாளி தடுமாறினால் கைகொடுக்க அடுத்த அறையில் ஆள் இருந்தார்கள். அபார்ட்மென்டின் மூன்றாவது மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, 1964-இல் பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்டுகளுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று கூடியவர்களில் ஆடம்சனும் ஒருவர். கதவு இல்லாத காலத்தில் உள்ளே வந்தவர்களே சேர்ந்து கதவு போட்டார்கள். கிட்டத்தட்ட 20 வருஷம் உள்ளே இருந்து பார்த்ததால்தான் போட்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: மகள் பி.எஸ்ஸி. சைக்காலஜி இறுதி ஆண்டு. வெளிநாட்டில் ஆர்ட் தெரபி முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டை அடமானம் வைத்துத்தான் அனுப்ப முடியும். அமெரிக்காவா, லண்டனா? எந்த ஊர்ச் சான்றிதழ் எங்கே செல்லும்? — ஒரு அப்பா, ராமமூர்த்தி நகர்

வீட்டை வைத்து அனுப்புகிறீர்கள் என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நாடு முழுக்க ஒரே மாதிரியான தொழில் சான்று. இதை ஆர்ட் தெரபி கிரெடென்ஷியல்ஸ் போர்டு என்ற அமைப்பு கொடுக்கிறது, சுருக்கமாக ஏ.டி.சி.பி., 1993-இலிருந்து இருக்கிறது. இன்னொன்று மாநில அரசு கொடுக்கும் லைசென்ஸ். இது எல்லா மாநிலத்திலும் கிடையாது. கென்டக்கி, மேரிலேண்ட், நியூ ஜெர்ஸி போன்ற சில மாநிலங்களில் ஆர்ட் தெரபிக்கென்றே இருக்கிறது. நியூயார்க்கில் கலை சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லைசென்ஸ். சான்று இருப்பதாலேயே லைசென்ஸ் வந்துவிடாது. எந்த மாநிலத்தில் படிக்கிறாள், எந்த மாநிலத்தில் வேலை தேடப்போகிறாள் என்பதைச் சேர்வதற்கு முன்பே யோசிக்கச் சொல்லுங்கள்.

ஏ.டி.சி.பி. சான்று படிப்படியாக ஏறும். முதுகலை முடித்து, சூப்பர்வைஸர் ஒருவரின் கீழ் வேலை பார்க்கத் தொடங்கும்போது ஏ.டி.ஆர்.-பி., அதாவது தற்காலிகப் பதிவு. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்கள் அதன்பின் 1,000 மணி நேரம் ஆட்களை நேரடியாகப் பார்த்து, 100 மணி நேரம் சூப்பர்விஷனும் முடித்தால் ஏ.டி.ஆர். பிறகு போர்டு தேர்வு எழுதித் தேறினால் ஏ.டி.ஆர்.-பி.சி. படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பல்கலைக்கழகம் பெரியது, கட்டடம் அழகாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம்.

விசாக் கணக்கும் போட்டுப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்று வேலை பார்க்க 12 மாதம் கிடைக்கும். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கூடுதல் 24 மாதம் இந்தத் துறைக்கு இல்லை. வாரத்துக்கு 20 மணி நேரம் ஆட்களைப் பார்த்தால் 50 வாரத்தில் 1,000 வரும். கணக்கில் சரியாக வருகிறது, ஆனால் வேலை கிடைக்க 2 மாதம் ஆனால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். மீட்டிங், ரிப்போர்ட் எழுதுவது, பிரஷ் கழுவுவது எதுவும் அந்த 1,000-இல் சேராது.

லண்டன் பக்கம் கதை வேறு. அங்கே ஹெச்.சி.பி.சி. என்ற அரசு சார்ந்த பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் இல்லாமல் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’, ‘ஆர்ட் சைக்கோதெரபிஸ்ட்’ என்று யாரும் சொல்லிக்கொள்ளவே முடியாது, சட்டப்படி குற்றம். அவர்கள் ஒப்புதல் கொடுத்த முதுகலையை முடித்தாலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், அமெரிக்கா மாதிரி அப்புறம் ஒரு 1,000 மணி நேரம் கிடையாது, அந்தப் பயிற்சியெல்லாம் படிப்புக்குள்ளேயே வந்துவிடும். இன்னும் கிட்டத்தில், சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரியில் 2006-இலிருந்து ஆர்ட் தெரபி முதுகலை நடக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கத்துத் தொழில் சங்கம் அதை ஏற்கிறது. தமிழ்ச் சத்தம் காதில் விழுகிற ஊர் என்பதும் 22 வயசுப் பெண்ணுக்கு ஒரு பலம்தான்.

மகள் திரும்பி வந்து பெங்களூரிலேயே வேலை பார்க்கப்போகிறாள் என்றால், இந்த மூன்றில் எதுவுமே இங்கே தானாக ஒரு பதிவு எண்ணாக மாறாது. ஆனால் மருத்துவமனைகளும் பள்ளிகளும் பார்த்ததும் புரிந்துகொள்வது இவற்றைத்தான். அவள் கையில் இன்னொரு விஷயமும் வேண்டும், அவள் வரைந்த படங்கள். சேர்க்கையில் போர்ட்ஃபோலியோ கேட்பார்கள், ஸ்டுடியோ கலைப் பாடங்கள் படித்திருக்கிறாளா என்றும் கேட்பார்கள். சைக்காலஜி மட்டும் படித்த பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்த ஒரு வருஷம் வாரம் இரண்டு நாளாவது களிமண்ணும் சார்க்கோலுமாக உட்காரச் சொல்லுங்கள். அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அது நடக்கட்டும். ஒரு வருஷம் உட்கார முடியாதவளுக்கு இந்தத் துறை வேண்டாம், சொல்வது கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தேன். ஏ.டி.ஆர். வாங்குவதற்குள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ஹென்னூர் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை. என் மணி நேரத்தை எப்படிக் கணக்கு வைப்பது? சூப்பர்விஷனுக்கு யாரைப் பிடிப்பது?

தங்கச்சி, உன் கடிதத்தைப் படித்ததும் என் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று ஞாபகம் வந்தது. அதை உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நானும் இப்படித்தான் பாதியில் திரும்பினேன். ஒரு இடத்தில் வேலை. சூப்பர்விஷன் கொடுக்க ஒருவரை நியமித்திருந்தார்கள், நல்ல மனுஷி, வாரா வாரம் ஒரு மணி நேரம் உட்காருவார். படிவத்தில் கையெழுத்து? “எல்லாம் முடிந்ததும் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்” என்றார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். 7 மாதம் கழித்து ஒரு திங்கள்கிழமை போனால் அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். புது நம்பர் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் கேட்டால், அப்படி ஒரு சூப்பர்விஷன் நடந்ததற்கே எங்களிடம் பதிவு இல்லை என்றார்கள். 212 மணி நேரம் ஆட்களைப் பார்த்திருந்தேன். ஒன்றுகூடக் கணக்கில் ஏறவில்லை. அன்றைக்கு சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலைப் பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன், வேறென்ன செய்ய.

அடுத்த நாள் சிவாஜிநகரில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். இன்றைக்கும் அதைத்தான் என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், தனி ஆளா குழுவா, குழு என்றால் எத்தனை பேர், நேரடியா மறைமுகமா, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சூப்பர்வைஸர் கையெழுத்து. சனிக்கிழமை சனிக்கிழமை கையெழுத்து வாங்கிவிடுவேன், மாதக் கடைசியில் போனில் படம் எடுத்து வேறொரு இடத்திலும் சேமித்துவிடுவேன். வருகிறவர்களின் பெயரை மட்டும் அதில் எழுதவே கூடாது. எண் போடு. எந்த எண் யார் என்பது பூட்டிய அலமாரியில் தனிக் காகிதத்தில் இருக்கட்டும்.

சூப்பர்விஷனுக்கு வீடியோவில் ஒருவரைப் பிடித்தேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தவர். எனக்கு ராத்திரி 9:30, அவருக்கு மதியம் 12. நீ செய்ய வேண்டியது, மணி நேரத்தை எண்ணத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஏ.டி.சி.பி.-க்கு ஒரு மெயில் போட்டு, இன்னார் கீழ் இன்ன இடத்தில் வேலை பார்க்கிறேன், இது கணக்கில் சேருமா என்று எழுத்தில் பதில் வாங்குவது. சூப்பர்விஷன் கொடுப்பவர்களில் ஒருவராவது அவர்களிடம் சான்று பெற்ற ஆர்ட் தெரபிஸ்டாக இருக்கும்படி பார்த்துக்கொள். உங்கள் மையத்தின் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் படத்தைப் பார்க்கத் தெரிந்தவர் வேறு ஒருவர் வேண்டும். நான் மேலே சொன்ன கறுப்பு கிரேயான் கேள்வியை ஓவியர் ஒருவர்தான் கேட்டிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாலரில் கட்டணம், மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். என் முதல் வருஷம் ஆட்டோவை விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போனேன். குறைத்த கட்டணத்தில் செய்ய முடியுமா என்று வெட்கப்படாமல் கேள், கேட்டால் பலர் குறைப்பார்கள். வேறு வழியே இல்லை என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்தைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று விதிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய். சூப்பர்விஷனை மட்டும் நிறுத்தாதே.

அப்பா உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

கேள்வி: நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கிறது. அதை வைத்து ஆர்ட் தெரபி செய்யலாமா?

உங்கள் எண் உங்கள் பிரிவுக்கு மட்டும். ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில் 1992-இன் சட்டப்படி 16 வகைப் பணியாளர்களைப் பதிவு செய்கிறது, ஆர்ட் தெரபிஸ்ட் அதில் இல்லை. உங்கள் வகுப்பில் ஓவியத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், பெயரை மட்டும் மாற்றாதீர்கள், லெட்டர்ஹெட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்று அடிக்காதீர்கள். பார்க்கிறவர்கள் அந்த எண்ணே அதற்குத்தான் என்று நினைத்துவிடுவார்கள்.

கேள்வி: ஏ.டி.ஆர்.-பி.சி. வாங்கி 3 வருஷம் ஆகிறது, கோரமங்கலாவில் இருக்கிறேன். புதுப்பிப்பதற்கு என்னவெல்லாம் வேண்டும்? கட்டணத்தை ஒரு வருஷம் விட்டால் என்ன ஆகும்?

5 வருஷத்துக்குள் 100 தொடர்கல்வி மதிப்பெண், அதில் 6 தொழில் நெறி பற்றியதாக இருக்க வேண்டும். வருஷக் கட்டணம் தனி. 3 வருஷம் ஆகிவிட்டது என்றால் இப்போதைக்கு 60 கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். கடைசி 6 மாதத்தில் 70 மதிப்பெண்ணுக்கு வெபினார் வெபினாராக ராத்திரி உட்கார்ந்து முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எதைக் கேட்டோம் என்றே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. நான் வருஷத்துக்கு 20 என்று பிரித்துக்கொள்வேன், ஜனவரியிலேயே நெறிப் பாடத்தை முடித்துவிடுவேன். சான்றிதழ் வந்த நிமிஷமே ஒரு ஃபோல்டரில் தேதியோடு போட்டுவிட வேண்டும், நடத்தியவர்கள் 4 வருஷம் கழித்து அதே மெயிலில் இருப்பார்கள் என்று நம்பக்கூடாது.

மெயில் என்றதும் இன்னொன்று. பதிவில் கொடுத்திருப்பது காலேஜ் மெயில் ஐ.டி.யா என்று பாருங்கள். படிப்பு முடிந்து கொஞ்ச காலத்தில் அதை மூடிவிடுவார்கள், நினைவூட்டல் எல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் காலாவதி ஆனது. காலாவதி ஆனால் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட உரிமை இல்லை. விசிட்டிங் கார்டு, கிளினிக் போர்டு, இன்ஸ்டாகிராம், எல்லாவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். பிரிட்டன் பதிவேட்டில் இருப்பவர்களுக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். அங்கே இத்தனை மணி நேரம் என்று கணக்குக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் 2.5 சதவீதம் பேரைக் குலுக்கலில் எடுத்து, நீ என்ன கற்றாய், அதனால் உன்னிடம் வருகிறவருக்கு என்ன பயன் என்று எழுதிக்கொடு என்பார்கள். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. மதிப்பெண்ணை எண்ணுவதைவிட அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது கஷ்டம், கஷ்டமாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் வருகிற முதியவர்கள் வரைந்த படங்களை முகம் காட்டாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். சக தெரபிஸ்ட் ஒருவர் இதற்காக உன் சான்றே போகலாம் என்கிறார். உண்மையா?

உண்மைதான். முகம் இல்லை என்கிறீர்கள், ஆனால் அந்தப் படமே அவர்கள் முகம். பேரனுக்குத் தெரியும் பாட்டி எப்படி வீட்டுத் திண்ணையை வரைவாள் என்று. ஏ.டி.சி.பி.-யின் நெறிமுறையில் படமும் ரகசியம் காக்கப்பட வேண்டியதுதான், எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் காட்டக்கூடாது, புகார் வந்தால் விசாரணை உண்டு. இங்கேயும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை விவரம் வெளியே போகக்கூடாது என்பதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. இன்றைக்கே ஸ்டேட்டஸை எடுங்கள், யார் யார் படமோ அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். எங்கள் இங்கிலீஷ் படிவத்தை ஸ்ரீராம்புரத்துப் பாட்டி ஒருவரிடம் நீட்டியபோது, பேனாவைக் கையிலேயே வாங்கவில்லை. “என்னம்மா இது, வீட்டை எழுதி வாங்கற மாதிரி இருக்கே” என்றார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ஏமாந்த கதை ஒன்று அவரிடம் இருந்தது, பிறகு அதைத்தான் 4 வாரம் வரைந்தார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படிவத்தைத் தமிழில் எழுதினேன். ஒரே பக்கம். ‘இந்தப் படம் உங்களுடையது. நீங்கள் கேட்டால் திருப்பிக் கொடுப்போம். நீங்கள் சொல்லாமல் யாருக்கும் காட்டமாட்டோம். இன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டு நாளைக்கு வேண்டாம் என்றாலும் சரி.’ அடுத்த வாரம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அப்புறம் கையெழுத்துப் போட்டார், படத்தை மட்டும் காட்ட வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு.

கேள்வி: என் பையனை ஒரு ஆர்ட் தெரபிஸ்டிடம் அனுப்ப நினைக்கிறேன். இவர் சரியான ஆள்தானா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? — ஒரு அம்மா, கே.ஆர்.புரம்

நேராகக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முதுகலை எங்கே, எத்தனை வருஷம்? சான்று இருந்தால் எந்த அமைப்பு, எண் என்ன? பிரிட்டன் பதிவேட்டிலும் அமெரிக்க போர்டின் தளத்திலும் பெயரைப் போட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம், காசு கேட்காது. பையன் வரைந்த படங்கள் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள்? மருந்தோ மனநல மருத்துவரோ தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்?

கடைசியாக, “உங்கள் சூப்பர்விஷன் யாரிடம் நடக்கிறது, கடைசியாக எப்போது போனீர்கள்?” என்று கேளுங்கள். 20 வருஷ அனுபவம் உள்ளவரானாலும் கேளுங்கள். நான் போன வியாழக்கிழமை ராத்திரி 9:30-க்குப் போனேன்.